விற்பனைக்கு எடுத்த படம்

வீட்டை விற்றே ஆக வேண்டும் என்பது டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையில் முடிவானது. என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் அம்பத்தூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். இருதயத்திலும் கோளாறு இருந்ததால், அதைப் பார்க்கிற டாக்டர் இருக்கும் இடத்திலேயே செய்வதுதான் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். திருவள்ளூர் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறுவோம். போகும்போது எப்படியோ போய்விடுவார். திரும்பி வரும்போதுதான் உடம்பு பிழிந்த துணி மாதிரி ஆகிவிடும். ஒரு தடவை திருநின்றவூர் தாண்டியதும் நின்றபடியே என் தோளில் சரிந்துவிட்டார். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். அதைச் சொன்னபோது டாக்டர், "இப்படி அலைய வெச்சா உடம்பு தாங்காதும்மா. ஆஸ்பத்திரி கிட்டயே வீடு பாத்துட்டு வந்துடுங்க" என்றார்.

எங்களுக்கு இருக்கிற சொத்தே காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்த வீடுதான். அவர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினவர். ஓவர்டைம் பார்த்துப் பார்த்துக் கட்டினது. கல்யாணம் ஆனபோது ஒரு ரூமும் சமையல்கட்டும் இருந்தன. மகள் பிறந்தபிறகு ஹால் வந்தது. அப்புறம் மாடிக்குப் படி கட்டினார். மாடி மட்டும் வரவேயில்லை. அந்தப் படியில் நான் வடகம்தான் காய வைத்திருக்கிறேன். இதை விற்றால்தான் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், ஏறி இறங்க வேண்டாத மாதிரி, கீழ்த்தளத்தில் சின்னதாக ஒன்று வாங்க முடியும்.

ஊர் தரகர்கள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். தெரு குறுகல் என்றார் ஒருவர். மற்றவர் உள்ளேகூட வராமல் கேட்டிலேயே நின்று பேசிவிட்டுப் போனார். ஓசூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் எங்கள் மகள் போனில் சொன்னாள்: "இப்பல்லாம் யாரும்மா தரகர பாத்துக்கினு கீறாங்க? ஆன்லைன்ல போடுறேன் இரு. அவங்களே வந்து போட்டோ எடுப்பாங்க. நைனாவ டென்ஷன் ஆவாம பாத்துக்கோ."

அப்படித்தான் அந்த ஆன்லைன் கம்பெனியிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்தாள். முப்பது வயசு இருக்கும். நல்ல பெண். வந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்தாள், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். வீடு முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஆன்ட்டி, வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா ரொம்ப நீங்க தெரியறீங்க. பாக்கறவங்க அவங்க இருக்கற மாதிரி நெனச்சுப் பாக்கணும் இல்ல?"

அது எனக்குப் புரிந்தது. நாங்கள் வாழ்ந்த அடையாளத்தை எல்லாம் எடுக்கச் சொல்கிறாள். மருந்து டப்பா, மடக்கு நாற்காலி, பிளாஸ்டிக் குடங்கள், வாளி, கொடியில் இருந்த துணி எல்லாவற்றையும் பின்கட்டுக்குக் கொண்டுபோனேன். அடுத்து பூஜை அலமாரியைக் காட்டினாள்.

"சாமி படத்தையும் எடுத்துடலாம் ஆன்ட்டி. வாங்கறவங்க யாரா வேணா இருக்கலாம். வெறும் ஷெல்ஃபா இருந்தா அவங்க இஷ்டத்துக்கு வெச்சுப்பாங்க."

வெள்ளிக்கிழமை காலை அது. சாமியைத் தரையில் வைக்க முடியாது, பின்கட்டில் குடத்தோடு வைக்கவும் முடியாது. கடைசியில் என் வீட்டுக்காரரைப் பின்வாசல் நிழலில் உட்கார வைத்து, மடியில் பட்டுத்துண்டை விரித்து, பெருமாளையும் தாயாரையும் ஆஞ்சநேயரையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாமே, ஊடு விக்கறதுக்கு முன்னாடியே என்னையும் பெருமாளையும் வெளிய தள்ளிட்ட?" என்றார்.

"சும்மா இருங்க. அபசகுனமா பேசாதீங்க."

"நான் எங்க பேசறேன்? அவருதான் கேக்க சொன்னாரு."

சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். அடுத்து நடந்தது ஒவ்வொன்றும் எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கிறது. எத்தனையோ முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். எந்த இடத்திலும் நான் வேறு மாதிரி செய்திருப்பேன் என்று தோன்றவில்லை.

அலமாரியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஏற்றிய விளக்கை நான் எந்தக் காலத்திலும் அமர்த்தினது கிடையாது. எண்ணெய் தீர்ந்து தானாகக் குளிர வேண்டும். அதனால் எரிகிற விளக்கை அப்படியே ஏந்திக்கொண்டு வந்து ஹாலில் ஒரு ஸ்டூலின் மேல் வைத்தேன். "அழகா இருக்கு ஆன்ட்டி, அது இருக்கட்டும்" என்றாள் அந்தப் பெண்.

ஹால் சுவரில் ஓதம் ஏறி ஒரு பெரிய திட்டு இருந்தது. அதை மறைக்க ஏதாவது பெரிய படம் மாட்டச் சொன்னாள், சாமி படம் வேண்டாம் என்றாள். சாமி படம் இல்லாமல் எங்கள் வீட்டில் இருந்த பெரிய படம் ஒன்றே ஒன்றுதான். கம்பெனியில் இருபத்தைந்து வருஷம் முடித்தபோது அவர்களே எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்த அவருடைய படம். கறுத்த மீசை, திரண்ட தோள். அதைக் கொண்டுவந்து மாட்டினேன். திட்டு மறைந்தது.

வாசல் நிலையில் ஒரு மாலை தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் அமாவாசை. பெருமாள் கோயிலில் பட்டர் கொடுத்த மாலை, சம்பங்கியும் துளசியும் சேர்த்துக் கட்டினது. பெருமாளுக்குச் சாத்திக் களைந்த மாலையைத் திரும்ப வேறு சாமிக்குச் சாத்த மாட்டோம். நிலைவாசலில் கட்டுவோம். அது தேக்குக் கதவை மறைக்கிறது என்றாள் அந்தப் பெண். கழற்றினேன். கையில் மாலை. எங்கே வைப்பது? தரையில் வைக்கக் கூடாது, கால் படும். பின்வாசலுக்கு எடுத்துப்போகலாம் என்றால், "வெயில் போயிடும் ஆன்ட்டி, சீக்கிரம்" என்கிறாள். எதிரே சுவரில், அவர் படத்துக்கு மேலே, பழைய கேலண்டர் ஆணி ஒன்று இருந்தது. அதில் மாட்டிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

அவள் படம் எடுத்தாள்.

மூன்றாம் நாள் மகள் போனில் அனுப்பினாள். ஹால் ஏதோ கல்யாண மண்டபம் மாதிரி பெரிதாகத் தெரிந்தது. சமையல்கட்டு பளபளவென்று இருந்தது. அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பரவாயில்லமே, நம்ப ஊடுதானா இது?" என்றார். மகளும் பார்த்தாள், மாப்பிள்ளையும் பார்த்தார். ஒருவருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. உயிரோடு இருக்கிறவரை உயிரோடேயே பார்த்துப் பழகிய கண்கள்.

மறுநாள் முதல் போன் வந்தது. ஆண் குரல், மரியாதையான குரல்.

"அம்மா, காக்களூர் ஊடு விஷயமா பேசறேன். ஐயா எப்பம்மா தவறினாரு?"

"எந்த ஐயா?"

"உங்க ஊட்டுக்காரருங்கம்மா. போட்டோவுல பாத்தேன். வயசும் ஆவல பாவம்."

போனை வைத்துவிட்டு, மகள் அனுப்பிய படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சுவரில் அவர் படம். படத்தின் இரண்டு பக்கமும் இறங்கின வெள்ளை மாலை. நேர் கீழே, ஸ்டூலில் எரிகிற விளக்கு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெருமாள் மாலை அய்யா அது, அமாவாசை மாலை. யாரிடம் போய்ச் சொல்வேன்?

மகளிடம் சொன்னேன். அவள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டு அழுகிற குரலில் பேசினாள்.

"சாமி சத்தியமா தெரியாது ஆன்ட்டி. அது அங்கிளோட அண்ணன்னு நெனச்சேன். நான் போற வீட்ல எல்லாம் ஹால்ல இப்படி ஒரு படம் இருக்கும். கேட்டா மனசு கஷ்டப்படுவீங்கன்னு கேக்கல."

பின்வாசலில் பெருமாளை அணைத்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனவள்தான் அவள். படத்தில் இருப்பது அவர்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வியாதி அவரை அவ்வளவு தின்றிருந்தது.

அன்றைக்கே அந்தப் படத்தை ஆன்லைனிலிருந்து எடுத்துவிட்டாள். ஆனால் அது அதற்குள் வெளியே போய்விட்டது. எந்தத் தரகரோ எடுத்து, "உரிமையாளர் காலமானதால் அவசர விற்பனை" என்று கீழே எழுதி, வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார். அது ஒரு குரூப்பிலிருந்து இன்னொரு குரூப்புக்குப் போய்க்கொண்டே இருந்தது. கொட்டின தண்ணீரை அள்ளுவது மாதிரி மகள் ஒவ்வொரு இடமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

போன் மேல் போன். எல்லோருக்கும் என் மேல் இரக்கம், அந்த இரக்கத்தோடேயே விலை குறைத்துக் கேட்டார்கள். ஒருத்தர் சொன்னார்: "தனியா கீற பொம்பள நீங்க. இழுத்தடிச்சா உங்களுக்குத்தான் பேஜாரு. வாரிசு சர்டிபிகேட் வாங்கிட்டீங்களா?"

என் வீட்டுக்காரர் கையை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கினார்.

"வாரிசு சர்டிபிகேட் வாங்கணும்னா நான் செத்தாவணும் சார். கொஞ்சம் டைம் குடு."

"யாருங்க பேசறது?"

"மாலை போட்டுக்கினு சொவுத்துல தொங்கறேனே, அவன்தான்."

அந்தப் பக்கம் போன் பட்டென்று வைக்கப்பட்டது. இவர் சிரித்துச் சிரித்து இருமினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி வேண்டாம் என்று போனை அணைத்துப் போட்டேன். அது இன்னொரு தப்பாகப் போய்விட்டது.

கடம்பத்தூரில் இருக்கிறாள் என் நாத்தனார், இவருக்கு ஒரே தங்கை. அவள் மகன் போனுக்கு அந்தப் படம் போயிருக்கிறது. எங்களைக் கூப்பிட்டால் போன் அணைந்திருக்கிறது. வேறு என்ன நினைப்பாள்? அடுத்த ரயிலைப் பிடித்து, தெருமுனையிலிருந்தே, "என்ன விட்டுட்டுப் போயிட்டியேண்ணா" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அக்கம்பக்கம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால், இவர் போர்ட்டிகோவில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருக்கிறார்.

"இன்னாடி, அண்ணன் சாவுக்கு இவ்ளோ லேட்டாவா வருவ? உள்ள வா, நாஷ்டா துன்னுட்டு அழு."

அவள் நின்றாள். இவர் தோளிலும் முதுகிலும் பட்பட்டென்று அடித்தாள். அடித்துக்கொண்டே, "பாடையில போறவனே, பாடையில போறவனே" என்று திட்டினாள். பிறகு அவர் காலடியில் உட்கார்ந்து, வரும்போது அழுததைவிட அதிகமாக அழுதாள்.

கொஞ்சம் தேறினபிறகு என்னிடம் சொன்னாள்: "உடு அண்ணி. உயிரோட கீறவங்கள செத்துட்டாங்கன்னு சொன்னா ஆயுசு கூடும்னு சொல்லுவாங்க."

"அப்டியா?" என்றார் இவர். "அப்ப இன்னும் நாலு குரூப்புல போட சொல்லு உன் புள்ளய."

பகலில் இப்படி எல்லாம் பேசிச் சிரித்தார். ஆனால் அடுத்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ரயிலில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அந்தப் பொண்ண திரும்ப வர சொல்லு. இந்த வாட்டி நான் கீறேன்னு தெரியணும்" என்றார்.

அந்தப் பெண் பாவம், கூப்பிட்டதும் வந்தாள். இவர் முகம் மழித்து, நாமம் போட்டு, தீபாவளிக்கு மகள் எடுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, ஹால் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது.

"அங்கிள், ஆளுங்க இருந்தா கம்பெனி சிஸ்டம் எடுக்காது."

"எடுக்காட்டி போவுது. நீ எடு."

"ரிஜெக்ட் ஆயிடும் அங்கிள்."

"ஒருவாட்டி என்ன சாவடிச்ச படத்த எடுத்துச்சு இல்ல? உயிரோட கீறத எடுக்காதா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. படம் எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் சாயங்காலம் கூப்பிட்டாள். அவள் சொன்ன மாதிரியே ஆள் இருக்கிற படத்தைக் கம்பெனி ஏற்கவில்லையாம். "ஆனா ஆன்ட்டி, ஹால் ரொம்ப நல்லா வந்திருக்கு. அதனால படத்துலேர்ந்து அங்கிள மட்டும் ஒரு ஆப் வெச்சு எடுத்துட்டேன். உங்களுக்கு அனுப்பறேன், பாருங்க. நீங்க சரின்னா போட்டுடறேன்."

போன் டிங் என்றது. எங்கள் ஹால். அதே ஜன்னல், அதே வெயில். நடுவில் நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை. அவர் முதுகு மறைத்திருந்த இடத்தில் நாற்காலிக்குப் புதிதாக ஒரு பிரம்புப் பின்னல் வந்திருந்தது. எங்கள் நாற்காலியில் பின்னலே கிடையாது. இருந்தவரை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு அந்த ஆப் ஏதோ ஒன்றைத் தானாக இட்டு நிரப்பியிருக்கிறது.

அவர் அந்த நேரம், அன்றைய டயாலிசிஸ் முடிந்து வந்த களைப்பில், அதே நாற்காலியில் வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் போனைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். இந்தப் படம் போட்டால் வீடு போகும். வீடு போனால் அவருக்கு இந்த ரயில் அலைச்சல் தீரும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஏது வழி? "போடும்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சமையல்கட்டில் போய் நின்றுகொண்டேன்.

இந்த முறை யாரும் துக்கம் கேட்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் சூப்பர்வைசராக இருந்தவருக்குக் காக்களூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்து பார்ப்பதாகச் சொன்னார். இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அப்புறம் என்னைக் கேட்டார்:

"அவங்க வரச்சொல்ல நான் எங்க ஒக்காரட்டும்?"

அந்தக் காலி நாற்காலிப் படத்தை அவர் பார்த்துவிட்டிருக்க வேண்டும்.

"ஹால்லயே ஒக்காருங்க" என்றேன். "உங்க ஊடு. நீங்கதான் காட்டணும்."

அவர்தான் காட்டினார். அந்த சூப்பர்வைசர் நல்ல மனிதர். ஐயா ஐயா என்று கூடவே நடந்தார். எந்தச் சுவரில் கம்பி எத்தனை போட்டது, கிணற்றுத் தண்ணீர் எந்த மாதத்தில் இறங்கும், ஓதம் ஏன் ஏறுகிறது, எல்லாவற்றையும் இவர் ஒளிக்காமல் சொன்னார். அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. மாடிப்படியில் நின்று இருவரும் மேலே எப்படிக் கட்டலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

காபி கொடுக்கும்போது அந்த அம்மா இவர் கையைப் பார்த்தார். டயாலிசிஸ் ஊசி ஏற்றி ஏற்றிக் கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கும். அந்த அம்மாவின் வீட்டிலும் யாருக்கோ இந்த வியாதி இருந்திருக்க வேண்டும், அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைச் சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கு ஊடு ரொம்ப புடிச்சிருக்கு. ஆனா லோன் வந்து, ரிஜிஸ்டர் பண்ணி, எப்டியும் ரெண்டு மூணு மாசம் ஆவும். அதுக்குள்ள இந்த ஊட்டுல எதுனா ஒண்ணு ஆயிட்டா, எங்க மாமியாரு இங்க பால் காய்ச்சவே உடமாட்டாங்க. நீங்க அதுக்கு முன்னாடி வேற எங்கனா போயி இருக்க முடியுமா?"

விற்றால்தான் போக முடியும், போனால்தான் விற்க முடியும். அந்த அம்மாவுக்கும் அது தெரிந்தது. அதனால்தான் என் கையை விடாமல் பிடித்திருந்தார். நான் என்ன உறுதி கொடுக்க முடியும்? யாரால் கொடுக்க முடியும்?

நாங்கள் மெதுவாகத்தான் பேசினோம். ஆனால் எங்கள் வீடு படத்தில் தெரிகிற அளவுக்குப் பெரிது இல்லை. நாங்கள் ஹாலுக்கு வந்தபோது இவர் அந்த சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "உங்க ஊட்டம்மா கேக்கறது நியாயம்தான் சார். நானும் புதுசா ஊடு வாங்கறதுன்னா அப்டித்தான் கேப்பேன்." சூப்பர்வைசர் தலை குனிந்துகொண்டார். "மாமியார் கிட்ட பேசிப் பாத்துட்டுச் சொல்றோங்கய்யா" என்றார். தெருமுனை வரை போய், இருவரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்கள் இன்னும் சொல்லவில்லை. போனை இப்போதெல்லாம் அணைப்பதில்லை. இடுப்பில் செருகிக்கொண்டே வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரி நாட்களில் அதே ரயிலில் போகிறோம், வருகிறோம்.

அவர்கள் வந்துபோன அன்று சாயங்காலம் விளக்கு ஏற்றிவிட்டுப் பெருமாள் முன்னால் நின்றேன். எத்தனையோ கேட்டிருக்கிறேன் அவரிடம். எதையும் கேட்கத் தெரியாமல் நின்றது அன்றைக்குத்தான். ரிஜிஸ்டர் முடிகிற வரைக்குமாவது இவரைக் காப்பாற்று என்று வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினேன். அப்படி ஒரு கெடு நானே எப்படிச் சொல்வேன்? அதற்குப் பிறகும் அவர் எனக்கு வேண்டுமே. ஒன்றும் கேட்காமல் கையை மட்டும் கூப்பிக்கொண்டு நின்றேன். ஹாலில் அவர் இருமுகிற சத்தம் கேட்டது.